ஒரே கோழியின் முட்டைகள்

— நேற்று வெள்ளை. இண்டைக்கு மண்ணிறம். ஒரு கோழி இப்பிடி மாறிமாறி இடுமோ, கிறேசம்மாக்கா?

— ஏன் இடாது, சறோசா? கலப்புக் கோழியெல்லோ! தாய் ஊர்க்கோழி, தேப்பன் விவசாயக் கந்தோர் குடுத்த வெள்ளை லெக்கோன் சாதி. தாய்க்கு ஒரு நாள், தேப்பனுக்கு ஒரு நாள்.

— தேப்பனும் முட்டையிடுதோ?

— மாதாவே! வழக்குப் பேசாமல் பிள்ளைக்கு அவிச்சுக் குடும். நெடுந்தீவு முழுக்கத் தேடினாலும் இப்பிடியொரு கோழி கிடையாது.

— அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை இட்டது தாரா முட்டை மாதிரி. பெரிசு, நீலம் பாஞ்சது.

— அண்டைக்குக் குளத்தடிப் பக்கம் மேயப் போயிருக்கும்.

— செவ்வாய்க்கிழமை இட்டது அவிச்ச முட்டை, அக்கா.

— என்ன?

— உடைச்சுப் பாத்தன். உள்ளுக்குக் கட்டியாய்க் கிடந்தது.

— அந்தச் சந்தியோகுக் கிழவனை நான்... இல்லை, இல்லை. அண்டைக்கு வெய்யில் அப்பிடி, பிள்ளை. வயித்துக்குள்ளையே அவிஞ்சிருக்கும்.

— சந்தியோகு அம்மானுக்கு என்ன?

— ஒண்டுமில்லை. மனிசனுக்குக் கண் தெரியாது எண்டு சொல்ல வந்தனான்.

— முந்தநாள் முட்டையிலை கரிக்கோடு கிடந்தது. அடைக்கு வைக்கிற முட்டைக்குத்தானே கரியாலை கோடு போடுறவை?

— ஐயோ, பார்வதிப்பிள்ளை அடைக்கோழியின்ரை வயித்துக்குக் கீழாலையோ எடுத்தவ! குஞ்சாகவேண்டிய முட்டையெல்லோ!

— ஆர் எடுத்தது, அக்கா?

— ஆரோ. நான் வாறன், அடுப்பிலை உலை கிடக்கு.

— கிறேசம்மாக்கா?

— சரி, பிள்ளை. எனக்குப் பொய் சொல்ல ஏலாது. ஏசுறதெண்டால் என்னை ஏசும். உம்மடை மகள் வதனி நெருப்புக் காய்ச்சல் மாறி எலும்பும் தோலுமாய்க் கிடந்தவள். நாளுக்கு ஒரு முட்டை குடுக்காட்டி பிள்ளை தேறமாட்டாள் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உம்மடை கோழியெல்லாம் கழிச்சல் வந்து செத்து, இந்த இளங்கோழி ஒண்டுதான் மிச்சம். இதுவும் இடேல்லை. வன்னிக்குப் போன உம்மடை மனிசனும் வரேல்லை. நான் தந்த மூண்டு முட்டையையும் நீர் கல்வேலிக்கு மேலாலை திருப்பி வைச்சீர்.

— ஒருத்தரிட்டையும் கை நீட்டி வாங்கமாட்டன் எண்டனான்.

— அதுதான், நீட்டாத கைக்கு வேறை வழி பாத்தம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். விடிய முன்னம் உம்மடை கோழிப் பெட்டிக்குள்ளை ஒண்டு. எல்லாரும் ஒரே நிறமாய் வையுங்கோ எண்டு நானும் தலைகீழாய் நிண்டு சொன்னனான். ஆர் கேட்டது!

— எத்தினை நாள்?

— இண்டையோடை இருவத்தாறு.

— வதனி இண்டைக்கு எழும்பி நடந்தவள், அக்கா.

— என்ன சொல்லுறீர்?

— சுவரைப் பிடிக்கேல்லை, என்னையும் பிடிக்கேல்லை. கிணத்தடி மட்டும் போய், தானே முகம் கழுவினவள். அங்கை பாருங்கோ, வாசல்லை நிக்கிறாள்.

— என்ரை மாதாவே! வதனி! எடி ராசாத்தி! மெல்ல வாடி, ஓடாதை! சறோசா, பிள்ளை ஓடுதடி! நான் போய்ப் பார்வதிப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். சந்தியோகுக் கிழவனுக்கும் சொல்லவேணும், பாவம், அவிச்ச முட்டையெண்டாலும் அவரும் வைச்சவர்தானே!

— அழாமல் போங்கோ.

— ஆர் அழுதது? கண்ணுக்குள்ளை தூசி. நில்லும், நாங்கள் இவ்வளவு நாளும் உம்மை ஏமாத்தினதுக்குக் கோவமில்லையோ?

— நானும்தானே உங்களை ஏமாத்தினனான்.

— நீரோ? எப்பிடி?

— நீங்கள் முட்டை வைக்கத் துவங்கி மூண்டாம் நாள் விடிய, என்ரை கோழி கூவிச்சுது, அக்கா. உங்களுக்குக் கேட்டால் வெக்கமாய்ப் போகுமெண்டு, அண்டு துவக்கம் அந்தச் சேவலைக் குசினிக்குள்ளை கடகப் பெட்டியாலை மூடித்தான் வைச்சிருக்கிறன்.