கண்டனம் போதும் என்றேன்

சுலைமானி டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்தால்தான் எனக்கு நாக்கு புரளும். டாக்டர் வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதையெல்லாம் கேட்ட இரண்டு பேரை நானே விமானம் ஏற்றியிருக்கிறேன், பெட்டியில். உட்காருங்கள், தம்பி அருள்முருகன். இந்த வளைகுடா ஊர் ஃபர்வானியா முழுக்க விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள். மக்தூம் பாயின் மளிகைக் கடை வாசலில் நின்று முறைத்துவிட்டும் வந்தீர்களாம். உங்கள் தங்கை புருஷன் அன்பரசன் அத்தனை நாள் சவக்கிடங்கில் கிடந்ததற்குப் பாய்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். தப்பான கதவைத் தட்டுகிறவரைச் சரியான வீட்டுக்கு அனுப்புவது வயதானவன் கடமை.

அப்போது இங்குள்ள தமிழர் நலச்சங்கத்துக்குப் பாய் தலைவர், நான் செயலாளர். நல்ல தலைவர். சங்கடமே அதுதான். தொழிலாளர் கேம்ப்பில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றாலும் பாயைத்தான் கூப்பிடுவார்கள். செயலாளர் என்று ஒரு பிராணி இருப்பதே சங்கத்துக்கு மறந்துபோயிருந்தது. எனக்குப் பதவி ஆசை கிடையாது. ஒரு சங்கம் ஒரே ஆளை நம்பிக் கிடக்கிறதே என்ற கவலைதான்.

பாயை நீக்கிவிடலாமே என்றார்கள் இரண்டொருவர். கூடாது என்றேன். நீக்கினால் மறுநாளே தியாகி ஆகிவிடுவார். அரிசி வாங்கப் போகிறவனெல்லாம் துக்கம் விசாரிப்பான். கண்டனத் தீர்மானம் அப்படியில்லை. நாற்காலி அவருடையதுதான், நிம்மதியாக உட்காரத்தான் முடியாது. அடுத்த தேர்தலில் அவரே ஒதுங்கிக்கொள்வார்.

கண்டிக்க ஒரு காரணம் வேண்டுமே. அந்தச் சமயத்தில்தான் அன்பரசன் கட்டட சைட்டில் மயங்கி விழுந்து இறந்துபோனான்.

உடலை அனுப்புவதற்குக் குடும்பத்தின் அதிகாரக் கடிதம் வரவேண்டும். உங்கள் தங்கை கனகா உடனே கூரியரில் அனுப்பிவிட்டாள். சங்கத்துத் தபாலைப் பிரிப்பவன் நான். பாய் தினமும் வந்ததா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். கனகாவும் போனில் கேட்பாள். தலைவரிடம் கொடுத்தாயிற்று, அவருக்குக் கடையில் வேலை ஒழியவில்லை என்பேன். பாய் அவளுக்கு நேராக ஒரு போன் போட்டிருந்தால் என் கதை அன்றைக்கே கலாஸ். ஆனால் புருஷனைப் பறிகொடுத்துத் துக்கத்தில் வீட்டுக்குள்ளே இருக்கிற பெண்ணிடம் அந்நிய ஆண் பேசுவது அவர் வீட்டு முறையில் இல்லை. "நீங்களே பேசுங்கண்ணே, அந்தப் புள்ளைய நான் சங்கடப்படுத்தக் கூடாது" என்றார். இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

எதிரி கொண்டுவரும் தீர்மானம் எடுபடாது. அதைக் கொண்டுவர, பாய் வேலை வாங்கிக் கொடுத்த சோலைமுத்துவைப் பிடித்தேன். அவனுக்கு உள்விவரம் ஒன்றும் தெரியாது; கூட்டத்தில் மனம் நொந்துதான் பேசினான். "பாய் எனக்குச் சோறு போட்டவரு. ஆனா செத்தவன் ஐஸ்ல கெடக்கான், இவரு கல்லாவுல உக்காந்திருக்காரு. நான் எப்படிச் சும்மா இருக்க?"

கடிதம் வரவில்லை என்றார் பாய். கனகா அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்த கூட்டம் அவரை ஒரு மாதிரி பார்த்தது. நான் எழுந்து தீர்மானத்தை எதிர்த்தேன். "தலைவர் வேணும்னே தாமதப்படுத்தினார்னு நான் நம்பல." அதுவரை அந்த எண்ணம் யாருக்கும் வந்திருக்கவில்லை.

எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. பாய் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பேரு கெடக்கட்டும்ணே. அந்தத் தம்பி ஊரு போய்ச் சேரணும்."

மறுநாளே என் மேசை இழுப்பறையிலிருந்த கடிதத்தைத் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரமே அன்பரசன் விமானம் ஏறினான். தலைவரால் ஆகாததைச் செயலாளர் முடித்தார் என்று பேச்சு. தேர்தலில் என்னை வற்புறுத்தி நிற்க வைத்தார்கள்.

உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். உங்கள் தங்கைக்கு என்மேல் வருத்தமில்லை. போன வாரம்கூடப் போன் செய்து, "ஐயா, நீங்க இல்லேன்னா அவரு இன்னும் அங்கதான் கெடந்திருப்பாரு" என்று அழுதாள். துக்கத்தில் இருக்கிற பெண்ணை எதிர்த்துப் பேசக்கூடாது என்று, நானும் ஆமாம் என்றேன்.