பிறவாத சான்றிதழும் பிசகாத தம்தேவும்

தெசியே மலையடிக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கு மூச்சாகவும், மின்சாரம் போனால் முதற்பேச்சாகவும் இருபத்தொன்பது ஆண்டுகள் விளங்கிய பெருந்தகையே, கடலில்லாத நாட்டின் கலங்கரை விளக்கமே, கடவுச்சொல் மறந்தோரின் கடைசிக் கதவே, கணினிப் பிரிவின் கண்ணியமே, அத்தோ தம்தேவ் அவர்களே, வணக்கம்.

தங்கள் பொறுமையைப் பாட ஒரு திங்கட்கிழமை போதும். சென்ற கின்போத் மாதம், முன்னூற்றுப் பன்னிரண்டு மாணவரின் பெயர்ப்பட்டியல் நண்பகலுக்குள் தேர்வுத்துறைக்கு மின்னஞ்சலில் போயாக வேண்டும்; போகாவிட்டால் அவர்கள் இறுதித்தேர்வு எழுத முடியாது. அன்று காலை நம் அஞ்சல் சர்வர், பாதுகாப்புச் சான்றிதழின் தேதி செல்லாது என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

காலாவதி என்று கல்லூரியே கூடித் தீர்ப்பெழுதியது. புதுச் சான்றிதழ் வாங்கிப் போட்டோம். சர்வர் அதையும் தள்ளியது. பதிவாளர் வெய்ஸரோ முலுநேஷ் அம்மையார் தங்கள் மேசையருகே வந்து நின்றார்.

"காஷே, பெரியவரே, புதுசும் கெட்டுப்போச்சாமே? இதென்ன சான்றிதழா, பாலா?"

"கெட்டுப்போகலம்மா," என்றீர்கள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இது இன்னும் பொறக்கவே இல்ல."

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை போகப்போகுது, உங்களுக்கு வெளையாட்டு."

"சர்வர்ல தேதியப் பாரும்மா. 2016."

"இந்த வருஷம் 2016தானே?"

"நமக்கு. வெளியுலகத்துக்கு 2024. சான்றிதழ் வெளியூர் ஆளு."

முந்தின சனிக்கிழமை மின்வெட்டில் தேதி மறந்துபோன சர்வருக்கு, வெளியுலகத்துக்கு ஏழெட்டு ஆண்டு பிந்தி நடக்கும் நம் நாட்டு நாட்காட்டியைச் சுவரில் பார்த்து யாரோ பொறுப்புடன் தேதி வைத்திருந்தார். அவர் பெயரைத் தாங்கள் இன்றுவரை சொன்னதில்லை. நாங்களும் சொல்ல மாட்டோம். இன்று இந்த விழா மேடையில் நடுநாற்காலியில் நலமாக அமர்ந்திருக்கிறார்.

சர்வரின் தேதியைத் திருத்தி, எட்டாண்டுகளை ஒரே வரியில் கடந்தீர்கள். நண்பகலுக்கு ஒன்பது நிமிடம் இருக்கையில் பட்டியல் போய்ச் சேர்ந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் தேர்வெழுதினர். எத்தனை பேர் தேறுவார்கள் என்பதற்குச் சர்வர் பொறுப்பல்ல.

வழி திறந்ததும், வெளியே காத்துக்கிடந்த அஞ்சல்கள் உள்ளே வந்தன. முதலில் வந்தது தங்கள் பணி ஓய்வு ஆணை. தாங்களே திறந்து, தாங்களே படித்து, தாங்களே அச்செடுத்துக் கோப்பில் வைத்தீர்கள்.

"போறதும் போகுது, வர்றதும் வருது," என்றீர்கள் முலுநேஷிடம். "சரியாயிடுச்சும்மா."

அவர் அந்தத் தாளை வாங்கி, ஓய்வுத் தேதியை இரண்டு நாட்காட்டியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் பார்த்தோம். எதிலும் பிழையில்லை.

ஆகவே, வேறு வழியின்றி வாழ்த்துகிறோம்: நோயறியா உடலும், நம் வழக்கப்படி மூன்றாம் சுற்றுவரை நிதானமாய்க் குடிக்கும் காபியும் நெடுங்காலம் தங்களுக்கு வாய்க்கட்டும்.

தங்களை அனுப்ப மனமின்றி,
கல்லூரிப் பணியாளர்கள்
தெசியே, ஹம்லே மாதம், 2016