தையல் கிளாஸ்

அம்சவல்லி: …ஆடாம உக்காருக்கா. முடியில இன்னும் சாணி கீது.

லூர்தம்மாள்: சாணி கெடக்குது. மிஷினைப் பாரு, சக்கரமே வளைஞ்சு போச்சு. சாணியடிச்ச கும்பல்ல எட்டி ஒதைச்சானே ஒருத்தன்… யாருடி அவன்?

அம்சவல்லி: மூஞ்சில துண்டு கட்டினு இருந்தான். நான் இன்னாத்த கண்டேன்?

லூர்தம்மாள்: பென்னலூர்ல பொறந்து வளந்தவ நீ. உனக்குத் தெரியாத ஆம்பளையா?

அம்சவல்லி: தலையக் குனி. தண்ணி ஊத்தறேன்.

லூர்தம்மாள்: தையல் கிளாஸ்னு சொன்னாத்தான் பொம்பளைங்கள அனுப்புவாங்கன்னு நீதானே சொன்ன? எப்படி வெளிய தெரிஞ்சுது?

அம்சவல்லி: கிளாசுக்கு வர்ற கங்காவோட மாமியா கிழிஞ்ச ரவிக்கையக் குடுத்து, தெச்சிக் குடுடின்னு கேட்டுகீது. கங்காவுக்கு நூல் கோக்கவே தெரில. மெரட்டினதும் எல்லாத்தையும் ஒளறிட்ச்சி.

லூர்தம்மாள்: சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது.

அம்சவல்லி: சொல்லித் தர்ற நமக்கு மட்டும் தைக்கத் தெரியுமா இன்னா…

லூர்தம்மாள்: அம்சா! கொழந்தை எப்படித் தங்குது, வெட்டைச் சீக்கு எப்படி ஒட்டுதுன்னு ஒரு நர்சு சொல்லிக் குடுத்தா அவுசாரியா? அந்தச் சீக்க எவகிட்டயோ வாங்கி வூட்டுக்குக் கொண்டாந்து வெக்கறவன் யோக்கியனா?

அம்சவல்லி: ஊசி போட்டு மலடாக்க வந்துட்டாளுங்கன்னு ஊர்ப் பெரியவரு கோதண்டராமன் கத்தினாரே. எமர்ஜென்சில இஸ்துனு போய் ஆபரேசன் பண்ணாங்கல்ல, அந்த பயம்…

லூர்தம்மாள்: பயந்தவனா மிஷினை ஒதைப்பான்? எழுந்திரு, ஸ்டேஷனுக்குப் போலாம்.

அம்சவல்லி: வேணாங்க்கா.

லூர்தம்மாள்: ஏன்?

அம்சவல்லி: வேணாம்னா வுடேன்.

லூர்தம்மாள்: …சரி. இனிமே நீ கிளாசுக்கு வராத. நான் பஸ் ஏறி மணிமங்கலத்துல என் வூட்டுக்குப் போயிடுவேன். நீ அந்தாளு வூட்டுக்குத்தானே போகணும்.

அம்சவல்லி: எந்தாளு?

லூர்தம்மாள்: துண்டு கட்டிக்கிட்டா நடை மாறிடுமா? உன் வூட்டுக்காரரு சுப்பிரமணிய எனக்குத் தெரியாதா?

அம்சவல்லி: …தெரிஞ்சிகினேவா ஸ்டேஷனுக்குக் கூப்ட்ட?

லூர்தம்மாள்: நீ எவ்ளோ தூரம் மூடி மறைப்பேன்னு பாத்தேன். என்கிட்டயே மறைக்கறியேடி.

அம்சவல்லி: நீ மறைக்கல? அவரு உன் ஆஸ்பத்திரிக்கு வந்துனு போன மறுநாளே எனக்கும் ஊசி போட்ட. வெட்டைச் சீக்கு ஒருத்தருக்குன்னாலும் ஊசி புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் போட்டுக்கணும்னு கிளாஸ்ல சொல்றவளே நான்… எனக்குப் போயி அத சத்து ஊசின்னு சொன்னியேக்கா.