அரை உடைசல்

என் தம்பி எனக்குப் பதினெட்டாயிரத்து நானூறு தரவேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டியது, மருந்து, வண்டி வாடகை, காலில் தகடு வைக்க நான் வெளியே புரட்டியது எல்லாம் சேர்ந்து அவ்வளவு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் அவனைக் கவனிக்கவில்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. நீங்கள் கேட்டதை நானே என் கையால் எழுதித் தருகிறேன். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ரொட்டி போடுகிறவன். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போவான். ஒரு திருப்பத்தில் ஸ்கூட்டர் ஒன்று எதிர்ப்பக்கத்தில் ஏறிவந்து அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து சதையும் கிழிந்துவிட்டது. தப்பு ஸ்கூட்டர்காரன் மேல்தான் என்று போலீஸ் எழுதியது. ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸும் இருந்தது. நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார் வக்கீல். அதுவரை எல்லாம் நேராகத்தான் போயிற்று.

அப்புறம் சதவீதம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

"மெடிக்கல் போர்டுல டாக்டருங்க பாத்து, காலு எத்தன பர்சென்ட் போச்சுன்னு எழுதிக் குடுப்பாங்க. அத வெச்சுத்தான் பணம்" என்றார் வக்கீல்.

"எவ்வளவு போடுவாங்க சார்?"

"நல்லா ஆறிட்டா பத்து, பன்னெண்டு. உங்க செலவுக்கே பத்தாது. காலே போயிருந்தா கேஸே வேற." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதை விளையாட்டுக்குச் சொன்னதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். இருக்கலாம். எனக்கு அது புது விஷயமே இல்லை.

நான் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு தேய்ந்தவன். பீங்கான் பெட்டி வரும். பிரித்தால் மேல் வரிசை உடைந்திருக்கும், கீழ் வரிசையில் கீறல் விட்டிருக்கும். இன்சூரன்ஸ் ஆள் வந்து உடைந்ததற்கு மட்டும் பணம் எழுதுவான். கீறல் விட்டதை எவனும் வாங்கமாட்டான். அதனால் அவன் வருவதற்கு முன்னால் மேஸ்திரி எங்களைக் கூப்பிடுவார். "அரை உடைசலுக்கு எவன்டா காசு தருவான்? முடிச்சு வைங்கடா" என்பார். சாக்கைப் போர்த்தி, மேலே ஏறி நின்று முடித்துவைப்போம். சாக்குக்கு அடியில் சத்தம் பெரிதாக வராது. உடைந்ததில் ஒரு துண்டைக்கூட வெளியே போடக் கூடாது, ஆள் வந்து பார்க்கும்வரை எல்லாம் அப்படியே இருக்கவேண்டும் என்பது கிடங்கின் சட்டம். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கிற பணம் கிடங்குக்கு வருகிறது, அவ்வளவுதான்.

தம்பியின் காலும் அந்த நிலையில்தான் இருந்தது. ஆறினால் பன்னிரண்டு சதவீதம். ஆனால் அந்தக் காலோடு அவன் இனி பெட்டி கட்டிச் சைக்கிள் மிதிக்கப் போவதில்லை. நான் அவனுக்காகத்தான் யோசித்தேன். ரொட்டிக் கடை ஒன்று வைத்து அவனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டால் கால் எதற்கு?

காயம் சீழ் பிடிக்காமல் இருக்க டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். அதை வாங்கிவந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். அவனுக்கு அதே நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். விஷம் எதுவும் கொடுக்கவில்லை, அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளவேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை மடக்கிப் பழகவேண்டும் என்று இருந்தது. அசைக்கவே கூடாது என்று படித்துச் சொன்னேன். காட்ட வரச் சொன்ன தேதியையும் தள்ளிப் படித்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

போர்டு பார்த்து எழுதிய மறுநாளே நல்ல மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்று இருந்தேன். அதற்காகத்தான் டப்பாவைப் பத்திரமாக வைத்தேன். ஆனால் இந்த நாட்டில் எது சொன்ன தேதியில் நடக்கிறது? முதல் தடவை வாடகை வண்டி பிடித்து அவனைத் தூக்கிக்கொண்டு போனால் எலும்பு டாக்டர் லீவு. பெஞ்சில் மத்தியானம்வரை உட்காரவைத்துவிட்டு, "அடுத்த மாசம் வாங்க" என்றார் ஜன்னலில் இருந்த அம்மாள். அடுத்த மாதம் போனால் போலீஸ் தாளில் முத்திரை சரியாக விழவில்லையாம். முத்திரைக்கு அலைந்தேன். குத்துகிறவன் சாப்பிடப் போயிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? போர்டு முதல் தேதியிலேயே பார்த்திருந்தால் என் தம்பி இன்றைக்கு உயிரோடு இருப்பான். அவர்களை நீங்கள் யாராவது இப்படி உட்காரவைத்து எழுதச் சொல்கிறீர்களா?

"அண்ணே, உள்ளுக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி எரியுதுண்ணே" என்பான்.

"ஆறுறப்ப அப்படித்தாண்டா இருக்கும்."

"பணம் வரட்டும். நானும் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, நேராப் போயி அவன இடிக்கறேன்." அவனே சொல்லி அவனே சிரிப்பான். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

வாடை தாங்காமல் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நான்தான். நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தம்பி கண்ணைத் திறந்தான்.

"அண்ணன் ஒரு வேள தவறவிடலக்கா. கையில வெச்சு, தண்ணி குடுத்து, முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பாரு."

அவன் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். காலை எடுத்தும் பார்த்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

இனி இது சாவுக் கேஸ், வாரிசு நீங்கள்தான் என்றார் வக்கீல். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி தாள் அனுப்பியது. விபத்தால் சாகவில்லை, கவனிப்பு இல்லாமல் செத்தான், ஆகவே பணம் இல்லை. அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கவனிப்பு இல்லாமல் என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அவனுக்குத் தலை சீவிவிட்டவன் நான். மலம் அள்ளியவன் நான்.

ஆள் அனுப்பி வீட்டில் வந்து பாருங்கள் என்று நானே கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். ஆள் வந்தான். மருந்து வாங்கியதற்கு அத்தாட்சி கேட்டான். பில்லை எல்லாம் கொடுத்து, டப்பாவையும் இறக்கி அவன் முன்னால் திறந்துவைத்தேன். காலி அட்டையைக் குப்பையில்கூடப் பொறுக்கலாம், மாத்திரையோடு இருக்கிற அட்டையைக் காசு கொடுத்தால்தானே வாங்க முடியும்? ஆள் வரும்வரை எதையும் வெளியே போடாமல் வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். அவன் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

மாத்திரையை மாற்றியவன் நான்தான். சீட்டை மாற்றிப் படித்ததும் நான்தான். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. நஷ்டஈடு இனி வராது என்று வக்கீலும் கையை விரித்துவிட்டார், அவருடைய ஃபீஸை மட்டும் கேட்கிறார். என்னால் கொடுக்க முடியாது.

தம்பி தரவேண்டிய பதினெட்டாயிரத்து நானூறை நான் தள்ளிவிட்டேன். கூடப் பிறந்தவனிடம் கணக்குப் பார்க்கிற ஆள் நான் இல்லை.