சாத்தாத படல்

'என்னைக் கண்டு ஒரு வீடும் கதவைச் சாத்தாத நாள் எப்படி இருக்கும்?'

கழுத்து மாலையின் கனத்தில் தலை குனிந்து, நாற்காலியின் நுனியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் தங்கள் மனத்தில் இப்போது ஓடுவது இந்தக் கேள்விதான். தாங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் நாங்கள் அறிவோம். தங்கள் தோழி மைதீன் பீவி அம்மாளிடம் ஒரு முறை, அவரைக்காய் ஆய்ந்தபடி, தாங்கள் இதைக் கேட்டீர்களாம். அவர் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆகவே, அம்மை குத்தும் அரும்பணியை அறமென ஆற்றிய அன்னையே! வெயிலையும் வசையையும் ஒரே குடையில் தாங்கி மதுரை வீதிகளில் நடந்தவரே! பிள்ளைகளின் அழுகைக்கு அஞ்சாமல், பிள்ளைகளின் சாவுக்கு மட்டுமே அஞ்சியவரே! சுகாதாரப் பகுதியின் மூத்த ஊழியர், எங்கள் சீனியம்மாள் அவர்களே! இன்று ஓய்வு பெறும் தங்களை, பெருமை பாதியும் பயம் பாதியுமாக நின்று வணங்குகிறோம்.

பெருமையை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லப் போனாலும் பயத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாங்கள் தெருமுனையில் திரும்புமுன்பே தங்கள் தகரப் பெட்டியின் ஓசை திரும்பிவிடும். "ஏ புள்ளைகளா, ஊசிக்காரி வாரா! உள்ள ஓடுங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழும். அடுத்த கணம், பாண்டி ஆடிய சில்லு மட்டும் தெருவில் கிடக்கும். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். ஒரு தெரு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நாங்கள் கேட்டிருக்கிறோம். நெல் குதிருக்குள் பிள்ளையை ஒளித்தார்கள். காய்ச்சல் என்றார்கள், ஊரில் இல்லை என்றார்கள். குத்தி முடித்துத் தாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும், அம்மன் கோபித்துக்கொள்வாளே என்று நடுங்கி, பிள்ளையின் கையில் சாம்பலைத் தேய்த்து மருந்தை அழித்தார்கள். அவர்களைத் தாங்கள் ஒரு நாளும் ஏசியதில்லை. "அவுக பயமும் புள்ளை மேல உள்ள பாசந்தான். எம் பயமும் அதுதான். ரெண்டும் ஒண்ணையொண்ணு மொறைச்சுக்கிட்டு நிக்குது, அம்புட்டுத்தான்" என்பீர்கள்.

பழங்காநத்தத்துத் தாய்மார் பூச்சாண்டியை விட்டுவிட்டுத் தங்கள் பெயரால் சோறூட்டியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். "திங்கிறியா, இல்ல ஊசிக்காரம்மாகிட்டப் புடிச்சுக் குடுக்கவா?" என்றால் போதும், வாய் திறந்துவிடும். எங்கள் மேற்பார்வையாளர் காசிமாயன் இதை வைத்துத் தங்களைக் கேலி செய்வார். "அம்மா, ஒங்க பேரைச் சொல்லியே இந்த ஊருப் புள்ளைக அம்புட்டும் கொழுத்துப் போச்சுக!" தாங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் தங்கள் கை சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டதை எங்களில் ஒருத்தி பார்த்தாள்.

தங்கள் வேலைமுறைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டுமானால், மைதீன் பீவி அம்மாளின் வாசலைத்தான் சொல்ல வேண்டும். அவரைத் தாங்கள் முதலில் கண்ட ஆண்டு அம்மை கடுமையாக இருந்தது. தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் நாம் நின்றோம். அடுத்த சந்திலிருந்து அன்று காலைதான் ஒரு குழந்தையைப் புதைக்க எடுத்துப் போயிருந்தார்கள். கதவைத் தட்டினீர்கள்.

"இங்க புள்ளைக யாரும் இல்ல" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"இல்லாத புள்ளை ஏந் தாயி தும்முது?"

"அது பூனை."

"பூனைக்கும் குத்துவேன். கதவைத் தெறங்க."

தாழ்ப்பாள் விலகியது. மகள் ஷரீபாவை மார்போடு அணைத்தபடி மைதீன் பீவி அம்மாள் நின்றார். சிரிப்பை அடக்க முயன்ற அவருடைய உதடுகள் பயத்தில் நடுங்கின. "கட்டில்ல படுக்க வைக்கிறேன், சட்டுனு குத்திட்டுப் போயிருங்க" என்றார்.

"கட்டில்ல வேணாம்" என்றீர்கள். "அது தூங்குற எடம். அங்க வச்சுக் குத்துனா, அப்புறம் அது எங்க போயித் தூங்கும்? வாசலுக்குக் கொண்டாங்க."

"நான் எப்படி வாசலுக்கு வாரது? தெருவுல ஆம்பளைக நிக்கிறாகல்ல?"

ஒரு போர்வையைக் கேட்டு வாங்கி எங்களிடம் கொடுத்தீர்கள். அதை நாங்கள் நிலைப்படியில் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை கேட்டது: "வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம் வலிக்கும். அப்புறம் நீ உள்ள ஓடிப் போயிரலாம்."

வலிக்காது என்று எந்தக் குழந்தையிடமும் தாங்கள் பொய் சொன்னதில்லை. சோறு உண்ணும் இடத்திலோ, தூங்கும் இடத்திலோ, விளையாடும் மரத்தடியிலோ எந்தக் குழந்தைக்கும் தாங்கள் ஊசி வைத்ததில்லை. பணிக்குப் புதியவர்களான எங்களுக்கு அது வீண் சுற்றாகவே பட்டது. வெயிலில் நின்று, கை கடுக்கப் போர்வை பிடித்து, ஒரு நிமிட வேலைக்கு அரைமணி செலவழித்தோம். ஆனால் அந்தச் சந்தில் ஷரீபா பிழைத்தாள். அடுத்த வாரம் குத்திய புண் காய்ந்ததா என்று பார்க்கத் தாங்கள் போனபோது பெட்டியை எடுத்துப் போகவில்லை. கதவு திறந்திருந்தது. அன்று தொடங்கிய நட்பு, தங்களுக்கு இந்த நகரம் தந்த ஒரே பரிசு என்று மைதீன் பீவி அம்மாள் சொல்லிக்கொள்கிறார். அவர் பெருமையில் தவறில்லை.

இனிச் சொல்லப் போவதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறோம், சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

ஊரார் பிள்ளைகள் ஓடியதைத் தாங்கள் தாங்கிக்கொண்டீர்கள். நாகமலைப் புதுக்கோட்டையில் வாழும் தங்கள் மகள் முத்துத்தாயின் குழந்தைக்கும் தாங்களே குத்தினீர்கள். வேறு யாரையாவது அனுப்பலாமே என்று கேட்டோம். "அடுத்த வீட்டுப் புள்ளைக்குக் குத்துற கை, எம் பேத்திக்குக் குத்தலேன்னா ஊருக்குள்ள என்ன பேச்சு வரும்?" என்றீர்கள். அதன்பின் அந்தக் குழந்தை தங்கள் மடியில் உட்காரவில்லை. தாங்கள் போனால் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பஸ் ஏறித் திரும்பும்போது தாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பீர்களாம். முத்துத்தாய் சொன்னாள்.

பழங்காநத்தத்தில் அரிசித் தட்டுப்பாட்டுக்காகத் திறந்த கஞ்சித் தொட்டியில், ஞாயிறு காலைதோறும் கூலியில்லாமல் கஞ்சி ஊற்றத் தாங்களும் மைதீன் பீவி அம்மாளும் போனீர்கள். பசித்த பிள்ளைகள் வரிசையில் வந்து, அகப்பையைப் பிடித்த கையைப் பார்த்து, கையிலிருந்து முகத்தைப் பார்த்து, வெறுங்கலயத்தோடு ஓடினார்கள். பசியைவிடப் பெரிதாக ஒரு பயம் இருக்க முடியும் என்பதை அன்று தாங்கள் கண்டீர்கள். அகப்பையை மைதீன் பீவி அம்மாளிடம் கொடுத்துவிட்டு, அடுப்படிப் புகைக்குப் பின்னால் போய் விறகு தள்ளினீர்கள். இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறீர்கள்.

பிறகுதான் ஆனையூர்த் தோட்டம் வந்தது. மில் வேலையிலிருந்து ஓய்ந்த தங்கள் கணவர் கண்ணுச்சாமி அவர்கள் கிணற்றடியில் கத்தரியும் வெண்டையும் போட்டார்; தாங்கள் அவரைக்குப் பந்தல் கட்டினீர்கள். வேலியோரக் கொய்யா காய்க்கத் தொடங்கியதும், முள் வேலியின் படலைத் தாங்கள் சாத்துவதை விட்டுவிட்டீர்கள். கண்ணுச்சாமி அவர்கள் எங்களிடம் முறையிட்டார். "திருடன் வந்துருவானோன்னு ஊரே பயப்படுது. இவ, திருடன் வரலையேன்னு பயந்து படலைத் தெறந்து வச்சிருக்கா!"

கொய்யாத் திருடர்கள் ஒரு நாள் வந்தார்கள். முதலில் ஒரு சிறுவன் வேலிக்கு வெளியே நின்றான். மறுநாள் இன்னொருத்தி படலுக்கு உள்ளே ஒரு காலை வைத்தாள். தாங்கள் தலை நிமிரவில்லையாம். நிமிர்ந்தால் முகம் தெரியும், தெரிந்தால் ஓடிவிடுவார்கள் என்று, அவரைக்காயையே பார்த்துக்கொண்டு, உரித்த காயையே திரும்ப உரித்துக்கொண்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தீர்களாம். அம்மை கண்ட வீடுகளுக்குள் தயங்காமல் நுழைந்த தாங்கள், ஒரு சிறுமியின் கால் பின்வாங்கிவிடுமோ என்று நடுங்கியதை நினைக்கையில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் பிள்ளைகளால் நிறைந்திருக்கிறது. கிளை முறிகிறது, கத்தரிப் பாத்தி மிதிபடுகிறது, கண்ணுச்சாமி அவர்கள் கத்துகிறார். தாங்கள் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். மாசி மாதம் முத்துத்தாய் வந்திருந்தபோது, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத் தங்கள் பேத்தியும் மரத்தடிக்கு வந்தாள். பழுத்த பழம் எட்டவில்லை என்று தங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதற்குமேல் அன்று நடந்ததைத் தாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இத்தகைய எளிய இன்பம் தங்களுக்கு நீடிக்க வேண்டும் என்று வாழ்த்தி இந்த மடலை முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் எங்கள் பயம் தடுக்கிறது.

இந்தப் பங்குனி வெயிலில் மேற்கே உள்ள ஊர்களிலிருந்து மீண்டும் அம்மைச் செய்தி வருகிறது. ஒரு வீட்டில் முத்து போட்டிருக்கிறது என்கிறார்கள். மறுநாள் அதே தெருவில் மூன்று வீடுகள் என்கிறார்கள். யுத்தத்தால் ஆள் போதவில்லை. தங்கள் பெட்டியைச் சுமக்கப் போகிற மலையம்மாளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கதவு சாத்தும் ஓசையை அவள் தனியாகக் கேட்க வேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை ஒளிந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் அடுத்ததோ என்ற எண்ணம் எங்கள் எல்லோரையும் அரித்துக்கொண்டிருக்கிறது. தாங்கள் முன்னால் நடந்த வரையில் எங்கள் பயத்துக்குத் தங்கள் முதுகு மறைவாக இருந்தது. இப்போது மறைவில்லை.

ஆதலால் பாராட்டோடு ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வைக்கிறோம். ஆனையூர்ப் பிள்ளைகள் தங்கள் தோட்டத்துக்குத் தாமே வருகிறார்கள். அங்கே தட்ட வேண்டிய கதவில்லை, ஒளிந்துகொள்ளக் குதிரில்லை. வரும் ஞாயிறு மாலை கொய்யா மரத்தடியில் ஒரு மேசை போட எங்களை அனுமதியுங்கள். தாங்கள் ஊசியைத் தொட வேண்டாம். தாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும், பிள்ளைகள் ஓடமாட்டார்கள்.

நற்றுணைவர் கண்ணுச்சாமி அவர்களோடும், மகளோடும் பேத்தியோடும், மைதீன் பீவி அம்மாளின் மாறாத நட்போடும், நோயும் நொடியும் நெருங்காமல், கிணற்று நீர் வற்றாமல், தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நிழலில் நடந்த
அம்மை குத்தும் பிரிவு ஊழியர்கள்
மதுரை, 1944 பங்குனி

*மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் சேர்த்தது:*

மடலை வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினோம். சீனியம்மாள் அவர்கள் மாலையைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்தார். காசிமாயன் எழுந்து, "ஒரே ஒரு நாள்தாம்மா. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருவோம்" என்றார்.

"இப்பத்தானே வாசிச்சீக" என்றார் சீனியம்மாள். குரலில் கோபம் இல்லை. "வெளையாடுற மரத்தடியில நான் குத்துனதில்லைன்னு."

கை தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

"வீட்டு வீட்டுக்குப் போங்க. ஒரு புள்ளையையும் விட்டுராதீக. கதவைச் சாத்துனா வாசல்ல ஒக்காருங்க, தெறப்பாக. வாசல்ல வச்சுக் குத்துங்க." அவர் தம் தகரப் பெட்டியை மலையம்மாள் பக்கம் மெல்ல நகர்த்தினார். "குத்துன புள்ளை அழுதுக்கிட்டே ஓடும்ல? ஓடிப் போயி நிக்க அதுக்கு ஒரு எடம் வேணும். எங்கிட்ட ஓடியாரட்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தார் காசிமாயன்.

"நீங்களும் வாங்கண்ணே, பழம் தாரேன். வெறுங்கையோட வாங்க" என்றார் சீனியம்மாள். பிறகு, எங்களில் ஒருவருக்கும் கேட்காமல் போய்விடக்கூடாது என்பது போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, மிகவும் மெதுவாகச் சொன்னார்:

"தோட்டத்துல வேணாம்."