நுரைக்கு அடியில் வைத்த பானை

மலைக்கு ரோடு வராத காலத்திலே, தேயிலைக்கும் முன்னால் காப்பி நட்ட காலத்திலே, மஞ்சக்கல் என்றொரு தோட்டம் இருந்ததாம். கீழே ராமநாதபுரத்துச் சீமையில் மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தபோது ஏறிவந்த சனங்கள்தான் அங்கே காடு வெட்டினார்கள். அவர்களில் ஒருத்தி இருளாயி. வந்த மூன்றாம் மாதமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இடுப்பில் பால் மறக்காத பெண்குழந்தை.

அவர்கள் வரிசை வீடுகளாய்க் குடியிருந்த லயத்துக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு சுனை. அதன்மேல் ஒரு மரம் கவிந்து நிற்கும். ஆனி மழை இறங்கியதும் அந்த மரத்து இலைகளில் வெள்ளை வெள்ளையாய் நுரை தொங்கியதாம், யாரோ காறித் துப்பி வைத்ததுபோல. அதே வாரம் லயத்தில் நாலு பேர் காய்ச்சலில் போனார்கள். அதில் ஒன்று வெள்ளச்சி என்றொருத்தியின் மூத்த மகள்.

விடிந்ததும் விடியாததுமாய் முதல் குடம் எடுக்கப் போகிறவள் யார்? இருளாயி. அவள்தான் பேய் பிடித்துத் துப்புகிறாள் என்றாள் வெள்ளச்சி. அந்தப் பேச்சை லயமே பிடித்துக்கொண்டது. இருளாயியை மலையைவிட்டு இறக்கிவிடுவது என்று அவர்களை வேலை வாங்குகிற சோணைக் கங்காணி தீர்ப்புச் சொன்னாராம். அந்த மழையில், அட்டைக் காட்டில், யானைத் தடத்தில், கைப்பிள்ளையோடு இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

இருளாயி தான் கண்டதைச் சொன்னாள். பச்சைத் தவளை, விரலிடுக்கில் சிவப்புச் சவ்வு. இலைமேல் ஒட்டிக்கொண்டு, பின்னங்காலால் மோர் கடைகிற மாதிரி அடித்து அடித்து அதுதான் அந்த நுரையை எழுப்புகிறது என்றாள்.

"தவளை கண்மாயில கெடக்குமா, மரத்துல கெடக்குமா?" என்றார் கங்காணி. "நம்மூருப் பனையில மீனு காய்க்குதாக்கும்."

கூட்டம் சிரித்ததாம். அவர்களையும் என்ன சொல்ல? மரமேறும் தவளையை அவர்கள் பாட்டனும் பார்த்ததில்லை, முப்பாட்டனும் பார்த்ததில்லை.

இருளாயி அழவில்லையாம். நேரே சுனைக்குப் போனாள். நுரை தொங்கிய கொப்பு ஒன்றை ஒடித்தாள். தன் மண்பானையில் சுனைத் தண்ணீர் மொண்டுவந்து லயத்து வாசல் நடுவில் வைத்தாள். பானை வாய்க்கு மேலே அந்தக் கொப்பைக் கட்டினாள்.

"வெஷம்னுதான சொல்றீக. ஒரு வாரம் இந்தத் தண்ணியத்தான் குடிக்கப்போறேன். நான் செத்தா எம்புள்ளைய மட்டும் எறக்கி விட்டுராதீக, மாமா."

கங்காணியைப் பார்த்துத்தான் இதைச் சொன்னாள். அவள் ஒரு நாள் குடித்தாள், இரண்டு நாள் குடித்தாள், மூன்று நாள் குடித்தாள். அவள் குடித்த தண்ணீர்தான் பாலாகிப் பிள்ளைக்கும் போனது.

மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். வெள்ளச்சி மட்டும் பானையைவிட்டு நகரவில்லை. இவள் எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆறாம் நாள் மத்தியானம் மழை விட்டது. கொஞ்சம் வெயில் வந்தது. நுரை இளகிச் சொட்டியது. வெள்ளச்சி குனிந்து பார்த்தாள். கடுகுக்கு வால் முளைத்த மாதிரி தலைப்பிரட்டைகள், பத்து, இருபது, நூறு, பானைக்குள் நெளிந்து நீந்தின.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இருளாயி, ஓம் பானையில புள்ளைக பொறந்திருக்கு" என்றாளாம். சொல்லிவிட்டு, அப்போதுதான், தன் மகளுக்காக வாய்விட்டு அழுதாளாம்.

அந்தப் பானையை வெள்ளச்சியே இடுப்பில் சுமந்துபோய்ச் சுனையில் சாய்த்தாள். கங்காணி தன் தீர்ப்பைப் பற்றி மறுபடி பேச்சே எடுக்கவில்லை. காய்ச்சல் அதற்காக நின்றுவிடவில்லை. அந்த மழைக்குள் இன்னும் மூன்று பேர் போனார்கள். ஆனால் யாரும் யாரையும் காட்டிக் கை நீட்டவில்லையாம்.

இன்றைக்கும் மஞ்சக்கல்லில் ஒருவர்மேல் பழி சொல்லிப் பஞ்சாயத்துக் கூடினால், அன்றே தீர்ப்புக் கிடையாது. நடுவில் ஒரு பானைத் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஏழாம் நாள்தான் மறுபடி கூடுவது. அதுவரைக்கும் பழி சொன்னவர்தான் அந்தப் பானைக்குக் காவல் இருக்கவேண்டும். பாதிப் பேர் நாலாம் நாளே பானையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.