மேட்டில் பேசியது

பதிவில் கேட்கிற குரல் என்னுடையதுதான். அன்றைக்கு எனக்குத் தடிமன் பிடித்திருந்தது, அதனால்தான் மூக்கால் பேசுவது போலிருக்கிறது. மற்றபடி என் குரல் அவ்வளவு மோசமில்லை.

இதற்காக லைப்சிக்கிலிருந்து எசன் வரைக்கும் ரயிலில் வந்தீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது, வேதவல்லி அக்கா. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற உங்களைக் கூப்பிட்டு, போன வருஷத்து பேஸ்பால் ஆட்டத்தின் காணொளியில் ஒருவன் தமிழில் கத்துவதை உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறார் ப்ரொக்மான். அவர் குளியலறை டைல்ஸ் விற்கிறவர். எங்கள் பேஸ்பால் கழகத்துக்குக் காசு போடுகிறவரும் அவரே என்பதால் நாங்கள் முதலாளி என்போம். எங்கள் அணியில் பந்து எறிந்த யதுசனின் கையைக் கெடுத்தது பயிற்சியாளர் ரிக்தானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். ரிக் என்றால் இந்த மாதத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நியாயமான மனிதர். டைல்ஸ் உடைந்து வந்தாலும் லாரிக்காரனையா தொழிற்சாலையையா திட்டுவது என்று விசாரித்துவிட்டுத்தான் திட்டுவார்.

உங்களுக்குத் தமிழ் தெரியும், பேஸ்பால் தெரியாது. ரிக்குக்கு பேஸ்பால் தெரியும், தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் அன்றைக்கு மைதானத்தில் இரண்டே பேர். எறிகிற யதுசன், பிடிக்கிற நான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரை இன்னும் முன்னால் இழுத்து, முகமூடியும் நெஞ்சுக் கவசமும் மாட்டி, ஆட்டம் முழுக்கக் குந்தியிருக்க வையுங்கள். அதுதான் நான். ஆசைப்பட்டு யாரும் கேட்கிற இடமில்லை. முழங்கால் தேயும், முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த பந்து எப்படிப்பட்ட பந்து என்று தீர்மானிப்பவன் பிடிக்கிறவன்தான். எறிபவனுக்குக் கை, பிடிப்பவனுக்குத் தலை என்பார் ரிக். என்னை ஆறுதல்படுத்துவதற்காக அவர் கண்டுபிடித்த வசனம் அது.

மற்ற அணிகளில் பிடிப்பவன் தொடைகளுக்கு நடுவில் விரல்களைக் காட்டிச் சைகை செய்வான். எதிரணிக்காரன் ஒருவன் எறிபவனுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிடலாம். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. 'நேர' என்றால் வேகமான நேர்ப்பந்து. 'ஆறுதலா' என்றால் மெதுவான பந்து. 'வளைச்சு' என்றால் மணிக்கட்டையும் முழங்கையையும் முறுக்கி எறிகிற வளைபந்து. நான் உரக்கவே கத்துவேன். ஒருமுறை நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, நாங்கள் மட்டைக்காரனைத் திட்டுகிறோமா என்று விசாரித்தார். ரிக் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, அது பிரார்த்தனை என்றார். அதன்பின் நான் 'வளைச்சு' என்று கத்தும்போதெல்லாம் அந்த நடுவர் தலையை லேசாகக் குனிந்துகொள்வார்.

யதுசன் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பிள்ளை. சிவமலர் அன்ரியின் ஒரே மகன். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அவன் வாகனக் கொட்டகைச் சுவரில் பந்தை எறிந்து என் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான். சண்டை பிடிக்கத்தான் இறங்கிப் போனேன். பிறகு அவன் எறிய, நான் பிடித்தேன். அன்றிலிருந்து பகலில் விழித்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. பதிவில் 'நிரோ அண்ணை' என்று கேட்கிறதே, அது நான்தான். என் பெயர் நிரோசன்.

இருபது வயதில் அவன் எறிந்த பந்தை மட்டைக்காரர்களால் தொடவே முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு கழகம் ஆள் அனுப்பியது. ஸ்கவுட் என்பார்கள். உலகமெல்லாம் சுற்றிப் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற ஆள். அவருக்குப் பிடித்தால் ஒப்பந்தம், விமானம், அங்கே தொழில்முறை ஆட்டம். யதுசனுக்கு அதைவிட வேறு ஆசை கிடையாது. நித்திரையிலும் அந்தக் கை எறிகிற மாதிரி துடிக்கும் என்று சிவமலர் அன்ரி சொல்லுவார்.

நான் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். ரிக்கைப் பாருங்கள். அவரும் இப்படி ஒரு ஸ்கவுட்டின் கையைக் குலுக்கியவர்தான். ஆறு வருஷம் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் பேருந்தில் போய் ஆடினார், மேலே ஏறவேயில்லை. ஒரு கோடைக்கு ஜெர்மனி வந்தவர் இன்னும் திரும்பவில்லை. ப்ரொக்மானின் டைல்ஸ் கிடங்குக்கு மேலே குடியிருக்கிறார். குளியலறை மட்டும் அரண்மனை மாதிரி இருக்கும். போகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் முடிகிறார்கள். பையனுக்கு அதை யாராவது மிச்சப்படுத்த வேண்டாமா?

சிவமலர் அன்ரியும் ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்துச் சொன்னார்: "அவன் போகத்தான் வேணும் தம்பி, மறிக்க ஏலாது. ஆனா போனா வீடு வெறிச்செண்டு போயிடும்." அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்குள் தங்கிவிட்டன.

ஸ்கவுட் வந்தார். யதுசனின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். என்னிடம் தன் காலிக் காப்பிக் கோப்பையைக் கொடுத்தார். இடத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஆள் என்று நினைத்திருப்பார். நான் வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன், தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. விவரம் விடுபடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் யதுசன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணை, முழங்கை உள்ளுக்க கொதிக்குது."

"கோச்சுக்குச் சொன்னனியோ?"

"விசரே? சொன்னா என்னை எறிய விடமாட்டார். நீங்களும் வாயைத் திறக்காதேங்கோ."

"அப்ப இண்டைக்கு வளைச்சு வேண்டாம். நேரயும் ஆறுதலாயும் மட்டும்தான் கேப்பன்."

"ஓம். அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கிறன்." எழுந்து என் முகமூடியை எடுத்து நீட்டினான். "இதைக் கெதியாப் போடுங்கோ. உங்கட வடிவைப் பாத்துட்டு ஸ்கவுட் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவான்."

அவன் எப்போதும் இப்படித்தான், சேட்டை.

முதல் நான்கு சுற்றும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நீங்கள் எழுதிய தாளில் பார்க்கலாம்: நேர, நேர, ஆறுதலா, நேர. ஒரே ஒரு 'வளைச்சு' கூட இல்லை. அவனும் அழகாக எறிந்தான். அந்த நேர்ப்பந்து என் கையுறைக்குள் விழுகிற சத்தத்தை நான் எங்கே போனாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். காணொளியில் அது சரியாகக் கேட்காது, பாவம்.

ஐந்தாம் சுற்றில் அவன் கொஞ்சம் பதறினான். ரிக் மேட்டுக்குப் போய் அவன் முதுகில் தட்டிவிட்டு வந்தார். மேடு என்பது எறிபவன் நிற்கிற மண் திட்டு. சிறிது நேரத்தில் நான் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மேட்டுக்கு நடந்து போகிறேன். இருவரும் கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறோம். பேஸ்பாலில் அது வழக்கம், எதிரணி உதட்டைப் படித்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த இடத்தில் நீங்கள் 'கேட்கவில்லை' என்று போட்டிருக்கிறீர்கள். சரிதான், கேட்காது.

அதன்பின் கேட்பதெல்லாம் 'வளைச்சு'தான். நீங்கள் பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், ஒரே சொல் இத்தனை தடவையா என்று. ஆமாம், அத்தனை தடவைதான். நடுவில் அவன் மேட்டிலிருந்து "ஏலாது அண்ணை, கொதிக்குது" என்கிறான். நான் "ஏலும், வளைச்சு" என்கிறேன். அந்த நடுவர் எங்களுக்காகத் தலையைக் குனிகிறார்.

கடைசிப் பந்தில் டப்பென்று ஒரு சத்தம் வந்ததாக ரிக் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை, தடிமன் காதையும் அடைத்திருந்தது. பந்து மட்டைக்காரனுக்குக் கிட்டவே வரவில்லை, பின்வேலிக்குப் போய்விட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதுவும் என் வேலைதான்.

முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள். நார் ஒட்டியது, ஆனால் மரத்துப்போன இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. அந்த விரல்களால் பந்தைப் பிடிக்க முடியாது. அமெரிக்கக் கழகம் பூங்கொத்து அனுப்பியது. மரியாதை தெரிந்தவர்கள்.

ஆஸ்பத்திரி நடையில் சிவமலர் அன்ரி என்னைக் கேட்டார். பார்வையாளர் வரிசையில் அவருக்கு மட்டும்தான் என் கத்தல் புரிந்திருந்தது. "ஏன் தம்பி வளைச்சு வளைச்சு எண்டு கேட்டனீங்கள்? அவன் ஏலாது எண்டெல்லே கத்தினவன்?"

"கோச் சொன்னவர் அன்ரி."

அன்ரி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார்.

அந்த ஒரு வசனம்தான் வளர்ந்து வளர்ந்து ப்ரொக்மான் மேசை வரைக்கும் வந்திருக்கிறது. யதுசன் ரிக்கோடு பேசுவதில்லை. ரிக்குக்கும் அவன்மேல் வருத்தம்: சொன்ன பேச்சைக் கேட்காமல் ஸ்கவுட்டுக்குப் படம் காட்டப்போய்க் கையைக் கெடுத்துக்கொண்டான் என்று. இருவரும் என்னிடம் வந்துதான் மனதைக் கொட்டுகிறார்கள். நான் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்வேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். ரோசக்காரர்கள்.

ஆனால் ரிக்கின் வேலை போகிறது என்றால் அது வேறு விஷயம். யார் வயிற்றிலும் அடிக்க எனக்கு மனம் வராது. ஆகவே உங்கள் தாளில் 'கேட்கவில்லை' என்று இருக்கிற இடத்தை நானே நிரப்பித் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மேட்டுக்குப் போவதற்கு முன்னால் ஸ்கவுட் வேகம் அளக்கிற கருவியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, ரிக்கிடம் வந்து கைகுலுக்கினார். திங்கட்கிழமை கையெழுத்து என்றார். ரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குக் கிடைக்காதது தன் பையனுக்குக் கிடைக்கிறதே என்று. உடனே ஓடிப்போய் அவனிடம் சொல்ல ஆசை, ஆனால் ஒரே சுற்றில் பயிற்சியாளர் இரண்டாம் தடவை மேட்டுக்குப் போனால் எறிபவனை வெளியே எடுத்தாக வேண்டும் என்பது விதி. அதனால் என்னை அனுப்பினார். "நல்ல சேதியை நீ சொல், நிரோ. அவர் பார்த்தாகிவிட்டது, எல்லாம் முடிந்தது. இனி நேர்ப்பந்து மட்டும் எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வரச்சொல்."

நான் போனேன். கையுறையால் வாயை மூடிக்கொண்டேன்.

"என்னவாம் அண்ணை?" என்றான் யதுசன்.

"அவருக்கு நேர காணாதாம். வளைச்சுப் பாக்கவேணுமாம். இல்லாட்டித் திரும்பிப் போறாராம். கோச் சொல்லிவிட்டவர்."

அவன் முழங்கையைத் தடவினான். ஸ்கவுட் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உடைஞ்சு போயிடாது என்ன?"

"நான் இருக்கிறன் எல்லே," என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். திரும்பி வந்து முகமூடியைப் போட்டுக்கொண்டு குந்தினேன். அந்தக் கை எத்தனை வளைபந்து தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள் அக்கா.

இப்போது அவன் என்னோடு பார்சல் கிடங்கில்தான் வேலை செய்கிறான். நான்தான் சேர்த்துவிட்டேன். கனமான பெட்டிகளை நான் தூக்குவேன், அவன் ஸ்கேனரைப் பிடிப்பான். அவனுடைய ரொட்டியில் பாதி எனக்கு, என்னுடையதில் பாதி அவனுக்கு. மழை வந்தால் முழங்கை நோகும் என்பான், நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். எசனில் மழைக்குக் குறைவில்லை. எறிகிறவன் போய்விட்டால் பிடிக்கிறவன் சும்மா குந்தியிருக்கிற ஒரு மனிதன்தான். ஆனால் நான் என்னைப் பற்றி யோசித்து எதையும் செய்யவில்லை. அவன் வீட்டோடு இருக்கிறான், அன்ரி நிம்மதியாக இருக்கிறார், இந்தத் தாளோடு ரிக்கின் வேலையும் தப்பும். எல்லோருக்கும் நல்லதாகத்தானே முடிந்திருக்கிறது?

"இத யதுசன்கிட்ட நீங்களே சொல்லிடுவீங்களா?" என்று கேட்கிறீர்கள்.

எதற்கு? ஏற்கெனவே நொந்த பிள்ளை. தாளை ப்ரொக்மான் கையில் மட்டும் கொடுங்கள். அவர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

வெளியே கேட்கிறதே, அது யதுசனின் கார் ஹார்ன்தான். வேலைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறான். இடக்கையால்தான் ஓட்டுகிறான், இப்போது நன்றாகப் பழகிவிட்டது. நான் கிளம்பவேண்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம், அக்கா. முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே 'எறிபவரின் நண்பர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று எழுதுங்கள். அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.